தன் செத்தவீட்டுக்குப் பிந்தி வந்த குகன்

குகன் வந்து சேர்ந்தபோது அழுகை உச்சத்தில் இருந்தது.

லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த சின்ன மண்டபம் அது. உள்ளே கால் வைக்க இடமில்லை. வாசலிலும் சனம் நெரிபட்டுக்கொண்டு நின்றது. பெண்கள் பக்கத்தில் பூமணி அக்கா நெஞ்சில் அடித்து, "என்ரை ராசா, பாக்க ஆளில்லாமல் போயிட்டியே" என்று குரல் வைக்க, மற்றவர்கள் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். நான் சமையலறைக் கதவடியில் கொதிதண்ணீர்க் கேத்திலோடு செய்வதறியாமல் நின்றேன்.

பெற்றோல் அடிக்கிற செட்டின் சட்டையோடு வேலையால் நேரே வந்த குகன், கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, தானும் கண்ணைக் கசக்கியபடி எட்டிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. முன்னால் நின்ற சின்னராசா அண்ணையின் தோளைத் தட்டினான்.

"அண்ணை, ஆர் செத்தது?"

சின்னராசா அண்ணை பூமணி அக்காவின் புருஷன். அவர் திரும்பாமலே லேஞ்சியால் மூக்கைத் துடைத்தார். "உவன் குகன். பெற்றோல் செட்டிலை நிண்ட பொடியன். சாகிற வயசே?"

"எந்தக் குகன்?"

"சரசு வீட்டு மேல் அறையிலை இருந்தவன். தங்கமான பொடியன்."

"நானும் அங்கைதானே அண்ணை இருக்கிறன்."

"அப்ப உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்று கேட்டபடி அண்ணை திரும்பினார். திரும்பியவர் போட்ட சத்தத்தில் பூமணி அக்காவே அழுகையை நிறுத்திவிட்டார்.

இதை நான் கண்ணால் கண்டேன். பத்திரிகைக்காகச் சோடித்துச் சொல்லவில்லை. போன கிழமை நான் எழுதியதைப் படித்துவிட்டு செவன் கிங்ஸிலிருந்து ஒரு அம்மா ரெலிபோன் எடுத்து, "உதெல்லாம் உண்மையே?" என்று கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மேல் அறைக்காரன்

சரசு என்பது நான்தான். எண்பதுகளின் கடைசியா, தொண்ணூறின் தொடக்கமா என்று சரியாக நினைவில்லை. தெருவோர ரெலிபோன் பெட்டிக்கு வெளியே குளிரில் நம்மவர்கள் வரிசை நின்ற காலம். எங்கள் வீட்டு மேல் அறையைக் குகனுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம்.

அவனுக்கும் எனக்கும் ஒரு நாளும் ஒத்துவராது. குளிக்கப் போனால் சுடுதண்ணீர் முடியும்வரை வரமாட்டான். ஈரக் காற்சட்டையை ஹீற்றரில் போட்டு வீடு முழுக்க நாற வைப்பான். ஏதாவது சொன்னால், "சரி அக்கா, இனிச் செய்யேல்லை" என்பான். அடுத்த நாளும் அதே காற்சட்டை, அதே ஹீற்றர். என் வீட்டுக்காரர், "விடு, தனிக்கட்டை, பாவம்" என்பார். தனிக்கட்டை என்றால் காற்சட்டையைப் பிழியக் கூடாது என்று சட்டமா?

அப்படியிருக்க ஒரு நாள் அவனுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். அப்பீல் செய்யலாம், தோற்றால் திருப்பி அனுப்புவார்கள். சட்டத்தரணியிடம் நானும் கூடப் போனேன். அவர் பைலைப் புரட்டிவிட்டு நிராகரித்த காரணத்தைச் சொன்னார். இந்த நாட்டில் இவருக்கு யாருமில்லையாம். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, சகோதரம் இல்லை. ஆகவே அனுப்பினால் ஒன்றும் குறைந்துவிடாதாம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது குகன் யன்னலைப் பார்த்துக்கொண்டு, "உண்மைதானே அக்கா, ஆர் இருக்கினம்?" என்றான். அம்மா செத்துவிட்டார். அண்ணன் எங்கே என்று தெரியாது. அங்கேயும் யாருமில்லை, இங்கேயும் யாருமில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் ஆரடா? உன்ரை நாறல் சப்பாத்தை ஒவ்வொரு நாளும் தாண்டிக்கொண்டு போறவள் ஆர்?" என்று கத்தினேன். முன் சீற்றில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் எழும்பி வேறிடத்துக்குப் போனார்.

கூட்டத்துக்கு வராத சனம்

சட்டத்தரணி ஒரு வழி சொல்லியிருந்தார். குகனுக்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். கூட்டம் வையுங்கள், எம்.பி.யைக் கூப்பிடுங்கள், உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வரச் செய்யுங்கள் என்றார்.

எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த மார்கரெட் அதைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை. அநியாயம் என்று ஒன்றைக் கேள்விப்பட்டால் அவருக்கு நித்திரை வராது. மண்டபம் பிடித்தார், நோட்டீஸ் அடித்தார், பிஸ்கற் வாங்கினார். முதல் கூட்டத்துக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதிலும் பாதிப்பேர் மார்கரெட்டின் சொந்தக்காரர்.

நம்மவர்களிடம் வீடு வீடாகப் போனேன். "ஷிப்ட் இருக்குது பிள்ளை" என்றார்கள். "பேர் அரசாங்கத்துக்குப் போனால் எங்கடை கேஸுக்குப் பிழை வராதே?" என்றார்கள். சின்னராசா அண்ணை, "கூட்டம் எண்டால் எனக்கு அலேர்ஜி. ஊரிலை கேட்ட கூட்டங்களே காணும், இனிப் போதும்" என்று கதவைச் சாத்தினார். அவரைக் குறை சொல்லவும் ஏலாது. நாங்கள் கேட்ட கூட்டங்கள் அப்படி.

ஆனால் நம்முடைய ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. கலியாணத்துக்கு வீட்டுக்கு வந்து முறைப்படி சொல்ல வேண்டும். சொன்ன விதம் பிழை என்றால் அதற்கே வரமாட்டார்கள். செத்தவீட்டுக்குச் சொல்லவே தேவையில்லை. காதில் விழுந்தால் போதும், கதை பேச்சு இல்லாதவர்கள்கூட வந்து நிற்பார்கள். போகாமல் விட்டால் அது பரம்பரைக்கும் நிற்கிற பழி. என் மாமியாருக்கும் அவருடைய தங்கைக்கும் காணிச் சண்டை. ஆனால் தங்கையின் புருஷன் செத்தபோது முதல் ஆளாய்ப் போய் நின்று எல்லாரையும்விடச் சத்தமாக அழுதவர் மாமியார்தான். அழுது முடித்துவிட்டு வேலியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். சரி, அது வேறு கதை.

உளியும் சுத்தியலும்

இரண்டாவது கூட்டத்துக்கு மண்டபத்தைச் சோடித்தால் சனம் வரும் என்று சொன்னவள் லூப்பே. என்னோடு ஆங்கில வகுப்பில் படித்த மெக்சிகோக்காரி. கட்டை உருவம், பெரிய சிரிப்பு. அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று முண்டு கொடுத்துத்தான் நிற்கும். அதனாலேயே நாங்கள் மணிக்கணக்காகக் கதைப்போம்.

அவர்கள் ஊரில் மெல்லிய கலர்க் கடதாசியில் உருவங்கள் வெட்டித் தெருவுக்குக் குறுக்கே கட்டுவார்களாம். பாப்பெல் பிக்காதோ என்று பெயர். நான் கத்தரிக்கோலைத் தேடி எடுத்து வைத்தேன். அவள் பையிலிருந்து உளியும் சுத்தியலும் எடுத்தாள். ரிசு என்கிற அந்த மெல்லிய கடதாசியில் ஒரு கட்டை அடுக்கி, மேலே வரைந்த தாளை வைத்து, என் சமையலறை மேசையில் டக்கு டக்கென்று அடித்தாள். ஒரு அடியில் அத்தனை தாளிலும் துளை விழும். பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டினாள். லூப்பே அதைப் பாராட்டு என்று நினைத்துத் திருப்பித் தட்டினாள்.

அவள் வெட்டியதெல்லாம் எங்களைப் போன்றவர்களின் பாடுதான். கால் முளைத்து ஓடுகிற சூட்கேஸ். முத்திரை குத்துகிற கை, அதற்குக் கீழே குனிந்த தலைகள். மீசைக்கார அதிகாரியின் வாய்க்குள் ஒரு விமானம். என் வீட்டுக்காரர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னைக் கேள்வி கேட்டவன் மாதிரியே இருக்கிறான்" என்றார். "காற்றில் ஆட வேண்டும். அப்போதுதான் அது பேசும்" என்றாள் லூப்பே.

எல்லாம் நல்லாய்த்தான் போனது, அவள் எலும்புக்கூடு வெட்டத் தொடங்கும்வரை.

"ஐயோ, உது வேண்டாம்" என்றேன்.

"ஏன்? இது சிரிக்கிற எலும்புக்கூடு. கித்தார் வாசிக்கிறது, பார்."

"நாதஸ்வரம் வாசிச்சாலும் வேண்டாம். எங்கடை சனம் வாசல்படி மிதிக்காது."

அவர்களுக்குச் செத்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வந்து விருந்து சாப்பிட்டுப் போகிற ஆட்கள். நமக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே ஆகாது. ஒரு மணிநேரம் மல்லுக்கட்டி எலும்புக்கூட்டை ஒழித்தேன். அமங்கலமாக ஒரு துண்டும் மண்டபத்துக்குள் வரக் கூடாது என்பதில் நான் அவ்வளவு கவனம்!

எலும்புக்கூட்டுக்குப் பதில் குருவி என்று முடிவானது. பாஸ்போட் இல்லாமல் எல்லை தாண்டுகிற சீவன் அதுதானே. நானே வரைந்து கொடுத்தேன். ஊரில் குருத்தோலைத் தோரணத்தில் குருவி மடிப்பது தெரிந்திருக்கும். நல்ல காரியத்துக்குக் கட்டினால் குருவியின் தலை மேலே பார்க்கும். செத்தவீட்டுக்குக் கட்டினால் கீழே பார்க்கும். தலை மேலே பார்க்கத்தான் வரைந்தேன். ஏன் என்று லூப்பேக்குச் சொல்லவில்லை. தோசைக்கு உப்புப் போட வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

கலர்க் கடதாசி முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வேலை செய்த கலியாண உடுப்புக் கிடங்கில் வெள்ளை ரிசுக் கடதாசி கட்டுக் கட்டாய்க் கழித்துப் போடுவார்கள். மிச்சக் குருவிகளை அதில் வெட்டினோம். வெள்ளையை உள்ளே மேடைக்குப் பின்னால் கட்டுவது, கலரை வாசலில் கட்டுவது என்று பேச்சு.

பஸ்ஸிலிருந்து பார்த்தால்

கூட்டத்தன்று எனக்கு ஆஸ்பத்திரி உடுப்புத் தோய்க்கிற லோன்றியில் ஷிப்ட். லூப்பேயும் மார்கரெட்டும் காலையிலேயே சோடிக்கப் போனார்கள். மழை தூறியது. கலர்க் கடதாசி நனைந்தால் சாயம் போய்விடும் என்று மார்கரெட் அதை உள்ளே கட்டி, வெள்ளையை வாசலில் கட்டுவித்தார். குகனின் பாஸ்போட் படத்தைப் பெரிதாக்கி ஒரு சட்டத்தில் போட்டு, வாசலில் மேசை வைத்து நிறுத்தினார். மேசை வெறுமையாய்க் கிடக்கிறதே என்று வெள்ளைப் பூ வைத்தார். பூவுக்குப் பக்கத்தில், நம்பிக்கையின் அடையாளமாக, ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னராசா அண்ணை பஸ்ஸில் போயிருக்கிறார். வெள்ளைத் தோரணம். தலை கீழே பார்க்கிற குருவிகள். படம், பூ, விளக்கு.

அடுத்த தரிப்பில் இறங்கி ரெலிபோன் பெட்டிக்கு ஓடிப் பூமணி அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தார். பிறகு நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை. பூமணி அக்காவிடம் ஒரு செய்தி போனால் அது லண்டன் முழுக்கப் போனமாதிரி. வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனவர்கள் அர்ச்சனையை விட்டுவிட்டுப் பாதியில் திரும்பினார்கள். "குடும்பத்திலை சாவு" என்று சொல்லி வேலையில் லீவெடுத்தார்கள்.

நான் ஷிப்ட் முடிந்து வர, தெருமுனையில் ஒருவர் என்னை மறித்து, "எப்ப எடுக்கினம்?" என்று கேட்டார். எம்.பி.யைக் கூட்டிவருவதைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "நாலு மணிக்கு வருவார்" என்றேன். வாசலுக்கு வந்தபோதுதான் தோரணத்தில் குருவிகள் தலைகீழாய்த் தொங்குவதைக் கண்டேன்.

உள்ளே ஓடிப்போய் லூப்பேயைப் பிடித்தேன். "நான் தலையை மேலைதானே வரைஞ்சனான்! ஆர் உதைத் திருப்பிக் கட்டினது?"

"நான்தான்" என்றாள் லூப்பே, ஒரு குற்றமும் அறியாமல். "தலை மேலே என்றால் பறந்து போகிற பறவை. குகன் போகக் கூடாது என்றுதானே கூட்டம்? தலை கீழே என்றால் வந்து இறங்குகிற பறவை. வந்துவிட்டது, இனி இங்கேதான் இருக்கும்."

அவள் சொன்னதும் சரிதானே. அந்த அமளிக்குள்ளும் எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் வாசலில் சனம் கத்திக்கொண்டு நிற்கிறதே! பூமணி அக்காவிடம் ஓடினேன். "அக்கா, அழாதேங்கோ. குகன் இருக்கிறான்!"

"ஓம் பிள்ளை" என்று அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். "எங்கடை மனசிலை எப்பவும் இருப்பான்."

எம்.பி. துடைத்த கண்ணீர்

எம்.பி. ஐந்து நிமிஷம் தலையைக் காட்டிவிட்டுப் போகத்தான் வந்தார். வந்தவர் கதவடியில் நின்றுவிட்டார். நூற்றுக்கணக்கில் சனம், வெள்ளைச் சேலையும் கறுப்புக் கோட்டுமாக, ஒரு மனிதனை நாடு கடத்தப் போகிறார்கள் என்பதற்காக நெஞ்சில் அடித்து அழுகிறது! இப்படி ஒரு சமூகத்தைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று மார்கரெட்டிடம் சொன்னார். மார்கரெட்டுக்கும் பெருமை. தன்னுடைய நோட்டீஸ் வேலை செய்துவிட்டது என்று நினைத்தார்.

அந்த நேரத்தில்தான், சனம் மறைத்து நின்ற வாசல் படத்தைக் காணாமலே குகன் உள்ளே வந்ததும், சின்னராசா அண்ணை சத்தம் போட்டதும்.

பூமணி அக்கா சனத்தை விலக்கிக்கொண்டு வந்து குகனின் கன்னத்தில் ஒன்று விட்டார். "பேயா, நீ சாகேல்லையோ?" என்று கேட்டு, பிறகு அவனைக் கட்டிப்பிடித்து, செத்ததற்கு அழுததைவிடக் கூட அழுதார்.

சனத்துக்கு ஆத்திரம். "அப்ப நாங்கள் சும்மாவே வந்தனாங்கள்?" என்றது ஒரு குரல். "செத்தவீடு எண்டு நான் தோய்ஞ்ச தலையைத் துவட்டாமலே ஓடி வந்திருக்கிறன்" என்றது இன்னொன்று. நான் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தேன். என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. அப்பீல் தோற்றால் இவனை அனுப்பிப் போடுவார்கள், அங்கே செத்தவீடு நடந்தால் உங்களுக்கு ரெலிபோன்கூட வராது, இப்போதே ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கத்தினது நினைவிருக்கிறது. கோபத்தில்தான் கத்தினேன். எனக்கு வேறு மாதிரிப் பேசத் தெரியாது.

சின்னராசா அண்ணைதான் முதலில் முன்னுக்கு வந்தார்.

"இந்தப் பொடியனுக்கு நாங்கள் ஒருக்கால் அழுதாச்சு. ரண்டாந்தரம் அழ எனக்கு லீவு இல்லை. எங்கை, அந்தப் பேனையைத் தாங்கோ."

அவருக்குப் பின்னால் மண்டபமே வரிசைக்கு வந்தது.

"அவர் என்ன சொல்கிறார்?" என்று எம்.பி. என்னிடம் கேட்டார். "இவரை அனுப்பினால் எங்களுக்கு அது சாவு வீடு என்கிறார்" என்றேன். எம்.பி. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நான் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

அடுத்த கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குப் படம். நடுவில் கன்னத்தைப் பிடித்தபடி குகன், மேலே வெள்ளைக் குருவிகள். வேலையில் லீவெடுத்தவர்கள் அந்தப் பத்திரிகையை முதலாளிமார் கண்ணில் படாமல் ஒளித்துத் திரிந்தார்கள்.

கூட்டம் நடந்த இரவு குகன் வீட்டுக்கு வந்ததும் நேரே மேல் அறைக்குப் போகப் பார்த்தான். சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். எனக்குப் பயமாய் இருந்தது. தன் செத்தவீட்டைப் பார்த்தவனுக்கு மனம் என்னவாகுமோ!

விசாரணை

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திட்டுவீர்கள். குகனை இருக்க விட்டார்கள். எம்.பி. எழுதினதாலா, கையெழுத்தாலா, படத்தாலா என்று சட்டத்தரணிக்கே தெரியாது. எனக்குத் தெரியும். அப்பீலை விசாரித்த அறையில் நான் பின் கதிரையில் இருந்தேன்.

விசாரித்தவர் வயதானவர், கோபக்காரர் இல்லை, ஆனால் களைத்த முகம். மொழிபெயர்க்க வந்தவர் மதுரைப் பக்கத்துத் தம்பி. எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகு விசாரித்தவர் பைலை மூடப்போனார். பிறகு நினைத்துக்கொண்டவர் போல, "இந்த நாட்டில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

பஸ்ஸில் சொன்னமாதிரி ஏதாவது சொல்லிவிடப் போகிறானே என்று சாமி எல்லாவற்றையும் கும்பிட்டேன்.

குகன் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு, "நான் செத்தால் அழுறதுக்கு ஆக்கள் இருக்கினம் ஐயா. நான் பாத்தனான்" என்றான்.

மொழிபெயர்க்கிற தம்பி திகைத்துப் போய், "அண்ணே, இதை அப்படியே சொல்லவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம், அப்பிடியே சொல்லுங்கோ."

சொன்னார். விசாரித்தவர் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டுக் குகனை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை பேர்?"

"எண்ணேல்லை ஐயா" என்றான் குகன். "ஆர் செத்ததெண்டு தெரியாமல் நானும் பின்னாலை நிண்டு அழுதுகொண்டிருந்தனான்."